கோடைக்காலத்தில் உயர்மலைப் பாதைகள்: ஸ்டோக் காங்ரி சிகர வழி தரும் பாடங்கள்

கோடை என்னும் சொல் சமவெளியில் வாழ்வோருக்கு ஒரு பொருளையும், இமயமலையின் உயர்ந்த பகுதிகளில் பணி புரிவோருக்கு வேறொரு பொருளையும் தருகின்றது. சமவெளியில் அது வெயிலும் வறட்சியும் மிகுந்த பருவமாகும். உயர்மலையிலோ, பனி மூடிய கணவாய்கள் திறந்து மனிதரும் சுமை விலங்குகளும் நடமாட இயலும் சில வாரங்களே கோடை எனப்படும். நிலத்தை அளப்போர், பாறைகளை ஆய்வோர், தாவர மாதிரிகளைச் சேகரிப்போர், வானிலைக் கருவிகளைப் பராமரிப்போர் ஆகிய அனைவரும் தத்தம் வெளிக்களப் பணியை இச்சில வாரங்களுக்குள் முடித்தாக வேண்டும். மாணவர்களை மலைப் பயணத்துக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் இப்பருவத்தையே தேர்ந்தெடுக்கின்றனர்.

ஆயினும், பாதை திறந்திருக்கின்றது என்பதனாலேயே அது அபாயமற்றது என்று கொள்வதற்கில்லை. ஒரே பாதை விடியற்காலையில் ஒரு தன்மையும் பிற்பகலில் மற்றொரு தன்மையும் உடையதாயிருக்கும். ஜூலைத் தொடக்கத்தில் எளிதாயிருந்த சரிவு ஆகஸ்டு இறுதியில் கடினமாகிவிடும். இம்மாறுதல்கள் தற்செயலானவை அல்ல. வெப்பம், அழுத்தம், நீர் ஆகியவற்றின் பௌதிக விதிகளுக்கு உட்பட்டே அவை நிகழ்கின்றன. ஆகவே அவற்றை முன்கூட்டியே அறிந்து, பயணத்தின் நேரத்தையும் நாட்களையும் வகுத்துக்கொள்ள இயலும். இதனை விளக்குவதற்கு லடாக்கிலுள்ள ஸ்டோக் காங்ரி சிகரத்தின் வழி தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

சிகரமும் வழியும்

ஸ்டோக் காங்ரி சிந்து நதிக்குத் தெற்கே, லே நகரத்திலிருந்து காணக்கூடிய மலைத்தொடரில் அமைந்துள்ளது. அதன் உயரம் 6,153 மீட்டர் என்று பொதுவாகக் குறிக்கப்படுகின்றது. வழி ஸ்டோக் கிராமத்தில் தொடங்குகின்றது. கிராமத்தின் உயரம் ஏறக்குறைய 3,600 மீட்டர். அங்கிருந்து பாதை ஓடையை ஒட்டிப் பள்ளத்தாக்கினூடே ஏறி, ஓடையைப் பலமுறை கடந்து, ஏறக்குறைய 5,000 மீட்டர் உயரத்திலுள்ள அடிவார முகாமை அடைகின்றது. அதற்கு மேல் கற்குவியல்களையும் ஒரு சிறிய பனியாற்றையும் கடந்து, செங்குத்தான பனிச்சரிவின் வழியே மலை முகட்டை எட்ட வேண்டும். முகாமிலிருந்து சிகரம் வரையுள்ள உயர்வு 1,100 மீட்டருக்கும் மேற்பட்டதாகும்.

கயிற்றில் தொங்கி ஏற வேண்டிய பாறைச் சுவர்கள் இவ்வழியில் இல்லாமையால், 6,000 மீட்டரைக் கடந்த சிகரங்களுள் இது எளியது என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. அக்கருத்தே பலரைப் போதிய ஆயத்தமின்றி அங்குச் செல்லத் தூண்டியது. ஏறுவதற்கு எளிய வழியாயினும், உயரமும் பனியும் நீரும் தத்தம் விதிப்படியே அங்கும் இயங்குகின்றன.

அழுத்தம் குறைந்த காற்றும் மனித உடலும்

கடல் மட்டத்தில் வாயுமண்டலத்தின் அழுத்தம் சராசரி 1,013 மில்லிபார். 5,000 மீட்டர் உயரத்தில் அது ஏறக்குறைய 540 மில்லிபாராகவும், 6,000 மீட்டரில் ஏறக்குறைய 470 மில்லிபாராகவும் குறைகின்றது. காற்றில் பிராணவாயுவின் விகிதம் எவ்வுயரத்திலும் நூற்றுக்கு 21 பங்கே. ஆயினும் மொத்த அழுத்தம் பாதியாகும்போது, ஒவ்வொரு மூச்சிலும் உட்செல்லும் பிராணவாயுவும் ஏறத்தாழப் பாதியாகிவிடுகின்றது.

இக்குறைவுக்கு ஏற்ப உடல் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்ள நாட்கள் வேண்டும். முதலில் மூச்சும் நாடித் துடிப்பும் விரைவடைகின்றன. பின்னர்ச் சிறுநீரகங்கள் இரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்கின்றன. வாரக்கணக்கில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. இதற்கு இடங்கொடாமல் விரைந்து ஏறுவோரை மலைநோய் பற்றுகின்றது. 1962-ஆம் ஆண்டை ஒட்டி இந்தியப் படைவீரர் பலர் குறுகிய காலத்தில் உயர்மலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களிடையே கண்ட நோய்க் குறிகளை இந்திய இராணுவ மருத்துவர்கள் தொகுத்து ஆராய்ந்தனர். 1,925 வீரர்களைப் பற்றிய அவ்வாராய்ச்சி 1969-இல் வெளியாயிற்று. மலைநோயைப் பற்றி உலகெங்கும் பயிலப்படும் அடிப்படை நூற்கட்டுரைகளுள் அதுவும் ஒன்றாகும்.

தலைவலி, குமட்டல், அயர்ச்சி, உறக்கமின்மை ஆகியவை இந்நோயின் முதற் குறிகள். ஓய்வாக அமர்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறலும் இருமலும் காணப்பட்டால், நுரையீரலில் நீர் கோத்துள்ளது என ஐயுற வேண்டும். தடுமாற்றமும் மனக் குழப்பமும் மூளை வீங்குவதைக் குறிக்கும். இதனைக் கண்டறிய எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு பாதத்தின் குதிகாலை மற்றொரு பாதத்தின் விரல் நுனியோடு சேர்த்து வைத்து, ஒரு கோட்டின்மீது சில அடிகள் நடக்கச் செய்தல் வேண்டும். அவ்வாறு நடக்க இயலாதவரை இரவாயினும் தாமதியாது, துணையுடன் கீழே இறக்க வேண்டும். பிராணவாயுவும் மருந்தும் கிடைத்தால் பயன்படுத்தலாம். எனினும் அவை இறங்குவதற்கு ஈடாகமாட்டா.

3,000 மீட்டருக்கு மேல், ஓர் இரவு தங்கும் இடத்துக்கும் அடுத்த இரவு தங்கும் இடத்துக்கும் இடையே 500 மீட்டருக்கு மேற்பட்ட உயர்வு கூடாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் ஓய்வு கொள்ள வேண்டும் என்பதும் மருத்துவர் வகுத்த விதிகள். இவற்றின்படி ஸ்டோக் கிராமத்திலிருந்து அடிவார முகாம் வரையுள்ள 1,400 மீட்டர் உயர்வை மூன்று கட்டங்களாகப் பகுத்து, இடையில் ஓய்வு நாள் ஒன்றையும் சேர்க்க வேண்டும். ஆகாய விமானத்தில் லே நகரத்துக்கு வருவோர் அங்கேயே முதலில் இரண்டு நாட்களேனும் ஓய்ந்திருத்தல் அவசியம். விடுமுறை நாட்களை எண்ணித் திட்டமிடுவோர் முதலில் வெட்டுவது இவ்வோய்வு நாட்களையே. மிகுதியான துன்பங்களுக்கு இதுவே காரணமாகின்றது.

இரவில் இறுகிப் பகலில் இளகும் பனி

சிகரம் நோக்கிச் செல்வோர் முகாமிலிருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்படுவது வழக்கம். இருளிலும் குளிரிலும் நடப்பது வீண் துன்பமெனத் தோன்றலாம். ஆயினும் அதற்குத் தக்க காரணம் உண்டு.

உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் காற்றின் வெப்பநிலை சராசரி 6.5 டிகிரி சென்டிகிரேடு குறைகின்றது. ஜூலை மாத விடியற்காலையில் லே நகரத்தில் வெப்பநிலை 10 டிகிரி என்று கொண்டால், அதனினும் 2,650 மீட்டர் உயர்ந்த சிகரத்தில் அது உறைநிலைக்குக் கீழே ஏறக்குறைய 7 டிகிரியாயிருக்கும். மேலும், மேகமற்ற இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்களாக வீசிவிடுவதால், காற்றைவிட அது மிகுதியாகக் குளிர்கின்றது. பகலில் உருகிய நீர் பனித்துகள்களுக்கிடையே மீண்டும் உறைந்து, அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகின்றது. அப்போது பனிச்சரிவு கெட்டியான தரைபோல் பாதத்தைத் தாங்கும். காலணியில் இரும்பு முட்கள் பூட்டியவர் அதன்மீது உறுதியாக நடக்கலாம்.

சூரியன் எழுந்தபின் நிலைமை மாறுகின்றது. ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு ஏறக்குறைய 80 கலோரி வெப்பம் தேவை. உயர்மலையின் தெளிந்த வானில் சூரிய கிரணங்கள் அவ்வெப்பத்தைத் தாராளமாக அளிக்கின்றன. புதுப்பனி தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு 80 பங்குக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். பழைய, அழுக்கேறிய பனியோ பாதியளவே திருப்பும். எஞ்சிய பாதி உருக்குவதற்குச் செலவாகும். முற்பகல் கடப்பதற்குள் பனித்துகள்களின் பிணைப்புத் தளர்ந்து, கால் முழங்கால்வரை புதையத் தொடங்கும். செங்குத்தான சரிவில் நனைந்த பனி அப்படியே வழுக்கிச் சரிவதும் உண்டு.

வெளிக்களப் பணியாளர் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இரவு முழுவதும் மேகம் மூடியிருந்தால், மேகம் போர்வைபோல் நின்று பனியின் வெப்பம் வெளியேறாமல் தடுத்துவிடுகின்றது. அத்தகைய இரவின் முடிவில், காற்று குளிராயிருப்பினும் பனி இறுகியிராது. புறப்படுமுன் ஊன்றுகோலைப் பனியில் அழுத்திப் பார்த்தல் வேண்டும். அது எளிதில் ஆழமாக இறங்குமாயின், அன்றைய ஏற்றத்தைக் கைவிடுதலே முறை.

பனியாறும் கற்குவியலும்

பனியாறு ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று. தன் எடையால் மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகர்வது. வளைவுகளிலும் சரிவு மாறும் இடங்களிலும் அதன் மேற்பரப்பு இழுபட்டு வெடிக்கின்றது. ஜூலைத் தொடக்கத்தில் குளிர்காலப் பனி இவ்வெடிப்புகளின்மேல் பாலம் போல் படிந்திருக்கும். நடப்பதற்கு அது எளிது. ஆனால் வெடிப்பு எங்கேயுள்ளது என்பது கண்ணுக்குப் புலனாகாது. ஆகஸ்டு இறுதியில் அப்பனி கரைந்து வெடிப்புகள் வெளிப்படையாகத் தெரியும்; ஆனால் கண்ணாடி போன்ற கடினமான பனிக்கட்டியில் நடக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு வாரத்துக்கும் அதற்குரிய இடர் உண்டு. பருவத்தின் எப்பகுதியிலும் பனியாற்றைக் கடப்போர் இடைவெளி விட்டுக் கயிற்றால் பிணைந்து செல்லுதல் நலம்.

பனியாற்றின் ஓரங்களில் பாறைத் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. பாறை இடுக்குகளில் புகுந்த நீர் உறையும்போது அதன் பருமன் நூற்றுக்கு 9 பங்கு பெருகுகின்றது. இவ்விரிவு பாறையைப் பிளக்கின்றது. பிளந்த துண்டை உறைந்த நீரே இரவில் பற்றிக்கொண்டும் இருக்கின்றது. காலை வெயில் பட்டு அப்பிணைப்புக் கரைந்ததும் துண்டு கீழே உருள்கின்றது. ஆகையால் கிழக்கு நோக்கிய சரிவுகளில் சூரியன் எழுந்த சிறிது நேரத்திலேயே கற்கள் விழத் தொடங்குகின்றன. அத்தகைய சரிவின் கீழே இளைப்பாறுவதும், உணவுண்ண அமர்வதும் தவிர்க்கத்தக்கவை.

ஓடைகளின் நேரக் கணக்கு

கோடையில் உயர்மலை ஓடைகள் நாள்தோறும் ஏறி இறங்குகின்றன. மேலே நண்பகலில் உருகிய நீர் பனியாற்றினூடேயும் கற்களினூடேயும் வழிந்து பள்ளத்தாக்கை அடையச் சில மணி நேரம் பிடிக்கின்றது. எனவே ஓடையில் வெள்ளம் மிகுவது நண்பகலில் அன்று, பிற்பகலிலும் மாலையிலும்தான். நீர் மிகக் குறைந்திருப்பது விடியற்காலையில். காலையில் கணுக்கால் அளவு நீரில் கடந்த ஓடை, மாலையில் திரும்பும்போது இடுப்பளவு ஓடுவது வியப்பன்று.

ஓடும் நீர் காலின்மீது செலுத்தும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஆழம் சற்றே கூடியதாகத் தோன்றும் மாலை வெள்ளம் ஆளைச் சாய்த்துவிடுவதற்கு இதுவே காரணம். உறைநிலையை ஒட்டிய நீரில் பாதங்கள் விரைவில் மரத்துப் போவதும், நீரினடியில் உருளும் கற்களும் அபாயத்தைப் பெருக்குகின்றன. மாலையில் ஓடைக்கரையை அடைந்த குழு, அக்கரையிலுள்ள கூடாரத்தை எண்ணி இறங்குவதைவிட இக்கரையிலேயே இரவைக் கழித்து, விடியலில் கடப்பது அறிவுடைமை.

திடீர் மழையும் புயலும்

லடாக் இமயத்தின் மழை மறைவில் அமைந்த குளிர்ப் பாலைநிலமாகும். லே நகரத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து ஏறக்குறைய 100 மில்லிமீட்டரே. இவ்வறட்சியே சிலவேளை கேட்டை விளைவிக்கின்றது. தாவரப் போர்வையற்ற சரிவுகளில் கிடக்கும் மண்ணும் கல்லும், பலத்த மழை ஒன்று பெய்தாலே சேற்றுப் பெருக்காகப் பாய்ந்து வருகின்றன. 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5, 6 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில் லே நகரத்திலும் சோக்லம்சார் முதலிய கிராமங்களிலும் இவ்வாறு பாய்ந்த பெருக்கில் 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்றிரவு லே வானிலை நிலையத்தில் பதிவான மழையோ மிகச் சொற்பம். மேகம் கொட்டிய இடம் சிறியது. கருவி இருந்த இடம் வேறு. ஓரிடத்துக் கருவியின் அளவைக் கொண்டு அடுத்த பள்ளத்தாக்கின் நிலையை முடிவு செய்யலாகாது என்பதற்கு இது தக்க சான்று. ஆகவே வறண்ட ஓடைப் படுகையில் கூடாரம் அடித்தல் எக்காலத்தும் கூடாது.

கோடையில் பனிப்புயல் வாராது என்பதும் தவறான எண்ணம். 2024-ஆம் ஆண்டு ஜூன் முதல் வாரத்தில், உத்தரகாண்டத்திலுள்ள சகஸ்ர தால் ஏரிக்குச் சென்று திரும்பிய 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கியது. அவர்களுள் 9 பேர் உயிரிழந்தனர். நனைந்த ஆடையும் பலத்த காற்றும் சேர்ந்தால் உடலின் வெப்பம் மிக விரைவில் வெளியேறிவிடும். வெப்பநிலை உறைநிலைக்கு மேலிருந்தாலும் இது நிகழலாம். நனையாத மாற்றுடை ஒன்றை ஒவ்வொருவரும் தம் சுமையில் தனியே காத்து வைத்திருத்தல் இன்றியமையாதது.

மேகமற்ற நாளில் வேறோர் இடர் உண்டு. உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் புறஊதாக் கிரணங்கள் ஏறக்குறைய நூற்றுக்கு 10 பங்கு மிகுகின்றன. புதுப்பனி அவற்றைக் கீழிருந்தும் கண்ணில் வீசுகின்றது. கறுப்புக் கண்ணாடி அணியாதவருக்குச் சில மணி நேரம் கழித்தே கண்ணெரிச்சலும் பார்வைக் குறைவும் தோன்றும். எரிச்சல் தோன்றியபின் கண்ணாடியைத் தேடுவதில் பயனில்லை.

வகுப்பறையில் செய்யத்தக்க ஒரு சோதனை

பனியாறுகள் உருகும் முறையை ஆசிரியர்கள் எளிதில் விளக்கிக் காட்டலாம். ஒரே அளவான பனிக்கட்டித் துண்டுகள் மூன்றை எடுத்துத் தனித்தனித் தட்டுகளில் வெயிலில் வைக்க வேண்டும். முதல் துண்டை வெறுமனே விட்டு, இரண்டாவதன்மீது கரித்தூளை மெல்லியதாகத் தூவி, மூன்றாவதை மணலாலோ மரத்தூளாலோ இரண்டு விரற்கடை கனத்துக்கு மூட வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தட்டிலும் சேர்ந்த நீரை அளவுக் குவளையால் அளந்து எழுதி வரலாம். கரித்தூள் தூவிய துண்டு வெயிலை மிகுதியாக உட்கொண்டு விரைந்து உருகுவதையும், தடித்த போர்வையுள்ள துண்டு மெதுவாக உருகுவதையும் மாணவர் தாமே காண்பர்.

இமயத்துப் பனியாறுகளிலும் இவ்விரு நிலைகளும் உள்ளன. காற்றில் வந்து படியும் புழுதியும் புகைக்கரியும் உருகுதலை விரைவாக்குகின்றன; தடித்த கற்போர்வை அதனைத் தடுக்கின்றது. கற்போர்வையின் அடியில் பனிக்கட்டி மறைந்திருப்பதனாலேயே, உறுதியான தரை எனத் தோன்றும் கற்குவியலும் சிலவேளை காலடியில் வழுக்கிச் சரிகின்றது.

கிராமத்தின் நீரும் சிகரத்தின் ஓய்வும்

பாதையின் நிலைமையைக் கூறும்போது, அப்பாதையின் கீழே வாழ்வோரை மறத்தல் முறையன்று. ஸ்டோக் கிராமத்தின் குடிநீரும் பார்லி வயல்களின் பாசனமும் மேலிருந்து உருகி வரும் நீரையே நம்பியுள்ளன. லடாக்கின் கிராமங்களில் ஓடை நீரை முறை வைத்துப் பங்கிடுவதற்கெனச் சுர்போன் என்னும் பொறுப்பாளரை ஊரார் அமர்த்துவது மரபு. விதைப்புக்கு நீர் வேண்டுவது வசந்த காலத்தில். உயரத்திலுள்ள பனியாறு பெருக உருகுவதோ அதற்குப் பின்னர். இவ்விடைவெளியை நிரப்பும் பொருட்டே, பொறியாளர் சேவாங் நோர்பெல் குளிர்காலத்து ஓடை நீரைக் கிராமங்களுக்கு அருகிலேயே தேக்கி உறையச் செய்யும் செயற்கைப் பனியாறுகளை அமைத்தார். 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

ஸ்டோக் காங்ரிக்கு ஆண்டுதோறும் வந்தோரின் தொகை பெருகியபோது, முகாமிலும் ஓடையோரத்திலும் கழிவுகள் சேர்ந்தன. பனியாறும் சுருங்கி வந்தது. இதனைக் கண்ட கிராமத்தாரும் லடாக் பயண ஏற்பாட்டாளர்களும் கலந்து பேசியதன் விளைவாக, 2020 முதல் சிகர ஏற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. புகழ் பெற்ற வழியால் வருவாய் பெற்றவர்களே அதனை மூட உடன்பட்டனர் என்பது, நீர் அவர்களுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை உணர்த்தும். இவ்வழிக்கோ இதுபோன்ற பிற வழிகளுக்கோ செல்ல எண்ணுவோர், புறப்படுமுன் உள்ளூர் நிர்வாகத்திடம் அனுமதி நிலையைக் கேட்டறிவது முதற் கடமையாகும்.

கடைப்பிடிக்கத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் நடைமுறைகள் எந்த உயர்மலை வழிக்கும் பொருந்துவனவாகும். தங்கும் இடத்தின் உயரத்தைக் கொண்டே நாட்களை வகுத்து, ஓய்வு நாட்களைக் குறைக்காதிருத்தல் வேண்டும். பனிச்சரிவையும் ஓடையையும் முற்பகலுக்குள் கடந்துவிடும்படி புறப்படும் நேரத்தை அமைத்தல் வேண்டும். முதல் நாள் மாலையிலேயே திரும்பும் நேரம் ஒன்றைக் குறித்து, சிகரம் நூறு மீட்டர் தூரத்தில் தெரிந்தாலும் அந்நேரத்தில் திரும்பிவிட வேண்டும். குழுவின் வேகம் அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமேயன்றி, முன் நடப்பவரின் வேகம் அன்று. தலைவலியை மறைப்பது மனவுறுதியாகாது என்பதை ஒவ்வொருவருக்கும் முன்னரே எடுத்துக் கூற வேண்டும். உணவுப் பொதியின் உறைகளும் ஏனைய கழிவுகளும் ஒன்றும் விடாமல் கீழே கொண்டுவரப்பட வேண்டும்.

பாதையைப் பயன்படுத்தும் வெளிக்களப் பணியாளர், ஓடையின் நீர்மட்டம் ஏறிய நேரம், பனி இளகத் தொடங்கிய நேரம், கற்கள் விழுந்த சரிவு ஆகியவற்றைத் தேதியுடன் குறிப்பேட்டில் பதிந்து, பின்வரும் குழுவிடம் ஒப்படைத்தல் மிக்க பயன் தரும். அடுத்த குழு எந்த நேரத்தில் ஓடையைக் கடக்க வேண்டும், எந்தச் சரிவை விலக்க வேண்டும் என்பதை அக்குறிப்பே அவர்களுக்குத் தெரிவிக்கும்.